ஒத்துக்காரரை இளக்காரமாகப் பேசாதீர்கள்

கேள்வி: காவிரிக்கரையின் சங்கீத மேதைகள் எல்லாரும் குருகுலத்தில் உருவானவர்கள். அரசு இசைக் கல்லூரியும் மாவட்ட இசைப்பள்ளிகளும் சான்றிதழ் கொடுத்ததைத் தவிர நம் ஊருக்கு என்ன செய்துவிட்டன? போன இதழில் நீங்களும் அரசுக்கு ஒத்து ஊதியிருக்கிறீர்களே!
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கல்லூரி இருக்கட்டும், முதலில் அந்த ‘ஒத்து’க்கு வருகிறேன். வேறு ஊர்க்காரர் இதை வசவாக எழுதியிருந்தால் விட்டிருப்பேன். கும்பகோணத்திலிருந்து எழுதும்போது மனசு கேட்கவில்லை.

ஒத்து என்பது நாதஸ்வரத்துக்குச் சுருதி கொடுக்கும் குழல். பார்க்க நாதஸ்வரம் மாதிரியே இருக்கும், ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. அடிப்பக்கத்தில் இருக்கும் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். சேர்த்த பிறகு அந்த ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊத வேண்டும். மூச்சு வாங்கும்போதும் நாதம் அறுந்துவிடக் கூடாது. கன்னத்தில் தேக்கிய காற்று, வாயில் வைத்து ஊதும் சீவாளிக்குள் போய்க்கொண்டே இருக்க, மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். சுவாமி நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வரும்வரை இதே வேலைதான். முன்னால் நிற்கிறவர் தோடி ராகத்தை மணிக்கணக்கில் விரித்தாலும் பின்னால் நிற்கிறவருக்கு ஒரே ஸ்வரம். இவ்வளவு உழைப்பையும் நாம் காக்கா பிடிப்பதற்குப் பெயராக வைத்துவிட்டோம்.

பல நாதஸ்வரக் குழுக்களில் ஒத்துப் பிடித்தது யார் தெரியுமா? கற்றுக்கொள்ள வந்த பையன். நீங்கள் சொல்லும் குருகுலம் வீட்டுத் திண்ணையில் மட்டும் நடக்கவில்லை, ராத்திரி இரண்டு மணிக்குத் தெருவில், வித்வானின் முதுகுக்குப் பின்னால் நடந்தது. சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி எப்படி எழும்புகிறது, எந்த இடத்தில் ராகம் மாறுகிறது, தவில்காரர் எப்போது கையை அடக்குகிறார் என்று எல்லாவற்றையும் அவன் காதாலேயே பிடித்தான். அப்புறம் சுருதிப்பெட்டி வந்தது. ஒத்து போனது. ஒத்தோடு அந்தப் பையன் நின்ற இடமும் போனது. இந்தக் கணக்கைக் கல்லூரியின் தலையில் எழுதாதீர்கள்.

அந்த இடம்கூட எல்லாருக்கும் கிடைத்ததா? பெரும்பாலும் பரம்பரைப் பிள்ளைகளுக்குத்தான். பெண் பிள்ளை ஒருத்தி ஒத்துப் பிடித்து நின்றதை நான் பார்த்ததே இல்லை. திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி 1965இல் வந்தது. திருவாரூரிலும் சீர்காழியிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதஸ்வரம், தவில், தேவாரம் எல்லாம் அங்கே பாடம். தாத்தா தவில்காரரா என்று யாரும் கேட்பதில்லை. நடவு வேலைக்குப் போகிற அம்மாவின் மகள் தவில் வாரைத் தோளில் மாட்டி, விரல்களில் கூடு போட்டு உட்காரலாம். இது சின்ன விஷயமா? என்னைக் கேட்டால், இந்த மண்ணின் சங்கீதத்துக்குக் கடந்த நூறு வருஷத்தில் நடந்த நல்ல காரியங்களில் இது ஒன்று.

குருகுலமும் கல்லூரியும் எதிரெதிர்க் கட்சி என்பதும் சரியில்லை. சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929இல் இசைக் கல்லூரி தொடங்கினார். அங்கே சொல்லிக்கொடுத்த சபேசய்யர், டைகர் வரதாச்சாரியார் போன்றவர்கள் குருமார்களிடம் பாடம் கேட்டு வந்தவர்கள்தானே!

எனக்கும் ஒரு குறை உண்டு. பகலில் வகுப்பறையில் இரவு ராகமான நீலாம்பரியைச் சொல்லிக்கொடுத்தால் ஸ்வரம் வரும். அர்த்தசாமத்தில், பள்ளியறை வாசலில், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அதைக் கேட்ட பிள்ளைக்கு வருவது வேறு. மூன்றாண்டுப் படிப்பில் ஒரு திருவிழாவாவது, கொடியேற்றம் முதல் தீர்த்தவாரி வரை, மாணவர்களை வித்வான்களின் பின்னால் நிறுத்த வேண்டும். ஒத்துக்காரப் பையன் நின்றானே, அதே இடத்தில்.

ஆனால் எந்தக் கோயிலில் நிறுத்துவது? நான் இங்கே திரும்பத் திரும்ப எழுதி, ஒரு கோயில் நிர்வாகியோடு பேச்சுவார்த்தையே நின்றுபோன விஷயம் இது. ஸ்விட்சைப் போட்டால் முரசும் மணியும் தானாக அடித்துக்கொள்ளும் அந்த மோட்டார் மேளம்! “ஆள் கிடைக்கவில்லை” என்றார் அவர். பக்கத்து ஊரில் நாதஸ்வரம் படித்து முடித்த இளைஞர் ஒருவர் செல்போன் கடையில் ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். கூட்டிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினேன். சம்பளத்துக்கு நிதி இல்லை என்று பதில் மாறிவிட்டது. மோட்டாருக்குக் காலையும் தெரியாது, சாயங்காலமும் தெரியாது. விடியல் ராகமான பூபாளத்துக்கும் நீலாம்பரிக்கும் அதனிடம் ஒரே சத்தம்தான்.

ஆகவே பள்ளி என்ன செய்தது என்று கேட்கும் நீங்கள் எனக்கு ஒன்று தெரிந்து எழுதுங்கள். கோயிலுக்குக் குறைவில்லாத ஊர் உங்களுடையது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் இன்று சாயங்காலம் சாயரட்சைப் பூஜைக்கு வாசித்தது ஆளா, மோட்டாரா?