பொழி

அன்புள்ள ஐயா,
சட்டம் முடித்து ஓராண்டாக வக்கீலாக இருக்கிறேன். சிவில் நீதிபதித் தேர்வு எழுத ஆசை. கீழ்க்கோர்ட்டுக்குப் போனால் காலமெல்லாம் வரப்புத் தகராறும் ஊர் ஊராக மாற்றலும்தான் என்கிறார் என் சீனியர். தங்கள் கருத்து என்ன?
செ.

அன்புள்ள செ.,
மாற்றலுக்கு அஞ்சுகிறவர் அரசுப் பணியையே நினைக்க வேண்டாம். தேர்வுக்கும் அவசரமில்லை, மூன்றாண்டு வக்கீல் அனுபவத்தை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மீண்டும் கட்டாயமாக்கிவிட்டது. எஞ்சிய இரண்டாண்டை வாய்தா வாங்கியே கழித்துவிடாதீர்கள்.

‘கீழ்க்கோர்ட்’ என்ற சொல்லைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. விசாரணை நீதிமன்றங்களை அப்படிக் குறிப்பிட வேண்டாமென்று உச்ச நீதிமன்றமே 2024இல் தன் பதிவகத்துக்குச் சொல்லிவிட்டது. சீனியர் காதுக்கு எட்டவில்லை போலும்.

1978இல், கரிசல் காட்டு முன்சீப் கோர்ட் ஒன்றில் என் அப்பத்தா சாட்சிக் கூண்டில் ஏறினாள். பக்கத்து நிலத்துக்காரர் பொழியைத் தள்ளி உழுதுவிட்டார் என்பது வழக்கு. நீதிபதி சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவர், அவள் ‘பொழி’ என்றதும் தாமாகவே ‘வரப்பு’ என்று அடித்தார். தாளை எட்டிப் பார்த்த நீதிபதி, “அந்தம்மா சொன்ன சொல்லையே போடுங்க” என்று திருத்தித் தட்டச்சு செய்யவைத்துவிட்டு, “பொழின்னா எது வரைக்கும்மா?” என்று அவளிடமே கேட்டார். அப்பத்தா கூண்டின் மரச்சட்டத்தில் நகத்தால் ஒரு கோடு கிழித்து, இரு பக்கமும் விரலால் அளந்து காட்டினாள்.

அந்த நகக்கோடு மேல்முறையீட்டுக்குப் போகும் காகிதக் கட்டுக்குள் இராது. சாட்சி எங்கே தயங்கினார், யாரைப் பார்த்தார் என்பதைக் கண்ணால் காண்பவர் விசாரணை நீதிபதி ஒருவரே. முக்கியமென்று தோன்றினால் அதைக் குறித்துவைக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 18ஆவது கட்டளை, 12ஆவது விதி அவருக்கு இடம் தருகிறது. இரண்டாம் மேல்முறையீடாக உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது, 100ஆவது பிரிவின்படி முக்கியமான சட்டக் கேள்வி இருந்தாலன்றி வழக்கு நிற்காது. பொழி எங்கே இருந்தது என்ற கேள்வி பெரும்பாலும் அதற்குள் முடிந்துபோயிருக்கும். போதாததற்கு, 2002க்குப் பிறகு முதல் விசாரணையே, அதாவது சாட்சியை அழைத்த தரப்பு அவரிடம் கேட்டுப் பெறும் வாக்குமூலமே, பிரமாணப் பத்திரமாக வக்கீல் நடையில் வந்துவிடுகிறது. சாட்சி தன் வாயால் பேசக் குறுக்கு விசாரணை ஒன்றே மிச்சம். அதையும் காது கொடுத்துக் கேட்க ஆள் வேண்டாமா? இதையா சிறிய வேலை என்கிறீர்கள்?

வழக்கில் நாங்கள் தோற்றோம். தீர்ப்பு சரிதான் என்று அப்பா வெகு காலம் கழித்து ஒப்புக்கொண்டார். அப்பத்தா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் அந்த நீதிபதியை ஒரு சொல் பழித்ததுமில்லை.

வரப்புத் தகராறு என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர்?