பல்கலைக்கழக மெயிலை டெர்மினலில் படிப்பது: கேள்வி பதில்

ஆல்பைன், மட் மாதிரி டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துத் திரையில்) ஓடும், எழுத்து மட்டும் காட்டும் மெயில் நிரல்களில் பல்கலைக்கழக மெயிலைத் திறப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். முதலில் ஆல்பைனின் முன்னோடியான பைன், 2007 கடைசியில் ஆல்பைன் வந்த பிறகு அது என்று வருடக்கணக்காக இதில்தான் என் மெயில் ஓடுகிறது.

கேள்வி: பிரவுசரில் வேலை செய்யும் அதே பாஸ்வேர்டை ஆல்பைனில் கொடுத்தால் உள்ளே விடமாட்டேன் என்கிறது. ஏன் அண்ணா?

பாஸ்வேர்ட் சரிதான், அதை வாங்கிக்கொள்ளும் வழியைத்தான் மூடிவிட்டார்கள். உங்கள் பல்கலைக்கழக மெயில் யாரிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், லாகின் பக்கமே காட்டிக்கொடுத்துவிடும். மைக்ரோசாஃப்ட் என்றால் 2022 அக்டோபரிலிருந்து இமாப் (சர்வரில் இருக்கும் மெயிலை வெளி நிரல்கள் படிக்கும் முறை) வழியாக வெறும் பாஸ்வேர்டை ஏற்பதைப் படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். கூகுள், நிறுவனக் கணக்குகளுக்கு 2025-இல் நிறுத்தியது. இப்போது நுழைய ஓஆத்2 என்ற அனுமதி முறை வேண்டும். அதாவது நீங்கள் பிரவுசரில் ஒருமுறை லாகின் செய்து அனுமதி கொடுக்கிறீர்கள், நிரலுக்கு ஒரு டோக்கன் (அனுமதிச் சீட்டு மாதிரி ஒரு குறியீடு) கிடைக்கிறது, பாஸ்வேர்ட் அதன் கைக்குப் போவதே இல்லை. ஆல்பைன் 2.24-க்குக் கீழே இருந்தால் முதலில் புதுப்பியுங்கள், லேப் சர்வர்களில் பழையதுதான் கிடக்கும். மட் என்றால் கூடவே வரும் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று டோக்கனை வாங்கித் தரும். போர்ட் எண் படிக்க 993, அனுப்ப 587, பயனர் பெயர் இருக்கும் இடத்தில் முழு மெயில் முகவரி.

இதெல்லாம் செய்தும் 'நிர்வாகி ஒப்புதல் தேவை' என்று திரை வந்தால் உங்கள் கையில் எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் சென்டருக்கு நிரலின் பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கூகுள் கணக்கில் இன்னொரு வழி உண்டு: இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கினால் 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்ட்' எடுக்கலாம், நிர்வாகி தடுக்காமல் இருந்தால்.

ஒரு எச்சரிக்கை. பாஸ்வேர்ட், டோக்கன் எதையும் செட்டிங் ஃபைலில் அப்படியே எழுதி வைக்காதீர்கள். பலர் சேர்ந்து பயன்படுத்தும் சர்வரில் அந்த ஃபைலின் அனுமதி தளர்வாக இருந்தால் பக்கத்து இருக்கைக்காரர் உங்கள் மெயிலைப் படிப்பார்.

கேள்வி: ஆல்பைனா, மட்டா?

புதிதாக வருபவருக்கு ஆல்பைன். எந்த விசை என்ன செய்யும் என்று திரையின் அடியிலேயே எழுதியிருக்கும். எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ள நினைப்பவருக்கு மட்.

கேள்வி: தமிழ்த் தலைப்புகள் குப்பையாகத் தெரிகின்றன.

இதற்காகவே காத்திருந்தேன். மெயில் தலைப்பில் ஆங்கிலம் அல்லாத எழுத்தை பேஸ்64-ஆக (ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடாக) மாற்றி அனுப்புவது பழைய ஏற்பாடு. அந்தக் குப்பை, முன்னால் வரும் '=?UTF-8?B?' குறிக்குப் பிறகு நாலு, பெரிய கே, ஆறு என்று தொடங்கினால் உள்ளே இருப்பது பெரும்பாலும் தமிழ், ஏனென்றால் நம் எழுத்துகளில் பெரும்பாலானவற்றின் யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்தை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) பைட்டுகள் ஒரே மாதிரிதான் தொடங்கும். நிரல் அதைத் தானாகப் பிரிக்கும், ஆனால் லொகேல் (கணினியின் மொழி, எழுத்து அமைப்பு) யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். லேப்டாப், நிரல் ஓடும் சர்வர் இரண்டிலும் பாருங்கள். பிரச்சினை பெரும்பாலும் சர்வர் பக்கம்தான்.

அப்புறமும் கொம்பும் காலும் தனித்தனியாக நின்றால் அது மெயில் நிரலின் குற்றமல்ல. 'தமிழ்' நம் கண்ணுக்கு 3 எழுத்து, யூனிகோடில் 5 குறி, 15 பைட். டெர்மினலோ கட்டம் கட்டமாக எழுத்தை வைக்கும் பழக்கத்தில் பிறந்தது. என் அனுபவத்தில் கான்சோல், எம்எல்டெர்ம் என்ற டெர்மினல் நிரல்கள் தமிழை ஓரளவு ஒழுங்காகக் காட்டுகின்றன.

கேள்வி: லாகின் ஆகவில்லை, பாஸ்வேர்ட் சரியாகத்தான் கொடுக்கிறேன்.

முதல் பதில்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் போட்டால் முடிந்தது.

முடியாது. அனுப்பியவரின் டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்), 'என் பெயரில் இந்த சர்வர்கள்தான் அனுப்பும்' என்று எஸ்பிஎஃப் பட்டியல் வைத்திருக்கும். ஃபார்வர்ட் செய்யும் உங்கள் பல்கலைக்கழக சர்வர் அதில் இருக்காது. அதனால் சில மெயில் ஸ்பேமுக்குப் போகும், சில திருப்பி அனுப்பப்படும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அதே நபர்: பத்து வருடமாக இப்படித்தான் வைத்திருக்கிறேன், ஒரு மெயிலும் தொலையவில்லை.

தொலைந்தது என்று எப்படித் தெரியும்? வராத மெயில் சத்தம் போடாது.

இன்னொருவர்: டிகேஐஎம் கையெழுத்து (அனுப்பும் டொமைன் மெயிலில் இடும் டிஜிட்டல் முத்திரை) இருந்தால் ஃபார்வர்டிலும் தப்பிக்குமே?

சரியான மறுப்பு, ஒப்புக்கொள்கிறேன். மெயிலில் எதையும் மாற்றாமல் அனுப்பினால் தப்பிக்கும். ஆனால் நிறைய பல்கலைக்கழக சர்வர்கள் தலைப்பில் 'வெளியிலிருந்து வந்தது' என்று ஒட்டுகின்றன. ஒட்டிய நிமிடம் கையெழுத்து செல்லாது. அதைவிட எனக்குப் பெரிய கவலை, மாணவர் மதிப்பெண்ணும் வெளிவராத ஆய்வுத் தரவும் உங்கள் சொந்தக் கணக்கில் போய்க் கிடப்பது. அனுப்பியவர் அதற்குச் சம்மதிக்கவில்லை.

முதலாமவர்: அப்போ ஊரில் பாதிப் பேர் தப்பா?

ஆமாம், இந்த விஷயத்தில் தப்புதான். ஆல்பைன் மெயிலை அதன் இடத்திலேயே வைத்துப் படிக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவு பாடு.

கேள்வி: சான்றிதழ் (சர்வர் தன் அடையாளத்தை நிரூபிக்கக் காட்டுவது) பிழை வருகிறது. சரிபார்ப்பை அணைத்துவிடச் சொன்னார்கள்.

அணைக்காதீர்கள். யார் சொன்னாலும் வேண்டாம். அணைத்துவிட்டால் நடுவில் நிற்பவர் எவரும் உங்கள் சர்வர் மாதிரி நடிக்கலாம். தேதியையும் சர்வர் பெயரையும் சரிபாருங்கள், சான்றிதழ்த் தொகுப்பைப் புதுப்பியுங்கள்.

கேள்வி: லாகின் ஆகவில்லை...

முதல் பதில், தயவுசெய்து. இது மூன்றாவது.

கேள்வி: மட்டில் அனுப்பிய மெயில் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாக இருக்கிறது. கல்லூரி மெயில் கூகுளில்.

கூகுள் தானே ஒரு நகலை வைத்துக்கொள்ளும், மட் இன்னொன்றை வைக்கிறது. மட்டில் நகல் வைப்பதை நிறுத்துங்கள். நீக்கியதும் கவனியுங்கள்: கூகுளின் வழக்கமான அமைப்பில் இன்பாக்ஸிலிருந்து நீக்கிய மெயில் அழியாது, 'எல்லா மெயிலும்' பகுதியில் இருக்கும். ஒழிக்க வேண்டுமானால் குப்பைக் கோப்புறைக்கு நகர்த்துங்கள்.