புது டைல்ஸில் சிமெண்ட் வெளுப்பு: வாசகர் கேள்விகள்

ஆவணியில் பால்காய்ப்பு வைத்திருப்பவர்கள் ஆடி பாதியிலேயே பதற ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தரையைப் பற்றித்தான்.

விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டு இடுக்கு அடைத்து ஐந்து நாள் ஆகிறது. ஈரத்துணியால் துடைத்தால் பளபளவென்று இருக்கிறது, காய்ந்ததும் மாவு பூசினதுபோல வெளுத்துவிடுகிறது. பத்து நாளில் பால்காய்ப்பு. என்ன செய்யலாம் சார்? (தக்கலை)

இடுக்கை அடைக்கப் பூசிய சிமெண்ட் கலவையின், அதாவது கிரவுட்டின் மிச்சம்தான் அது. வேலை நடக்கும்போது பக்கெட்டை யாராவது எட்டிப் பார்த்திருந்தால் காரணம் புரிந்திருக்கும். ஒரே பக்கெட் தண்ணீரில் சாக்கை நனைத்து வீடு முழுக்கத் துடைப்பார்கள். மூன்றாவது அறைக்கு வரும்போது அதில் இருப்பது தண்ணீர் அல்ல, சிமெண்ட் பால். துடைக்கிறேன் என்று அதைத்தான் தரை முழுக்கப் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முதலில் தண்ணீரைத் தொடாதீர்கள். மெல்லிய துடைப்பத்தால் இரண்டு தடவை பெருக்குங்கள். தரையில் கிடக்கும் எம் சாண்டில் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) இருக்கும் குவார்ட்ஸ் துகள் டைல்ஸின் மெருகைக் கீறும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடல் மணல் காலில் ஒட்டி வந்திருந்தால் இன்னும் மோசம், அதில் இருக்கும் சிர்கான் குவார்ட்ஸைவிடக் கடினம். மணலோடு சேர்த்துத் தேய்த்தால் சிமெண்ட் போய்விடும், கீறல் நிலைத்துவிடும்.

அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரும் வெள்ளை நைலான் ஸ்க்ரப்பரும் போதும். ஒரு நேரத்தில் நான்கு டைல்ஸ் மட்டும் தேயுங்கள். அழுக்குத் தண்ணீரை அங்கேயே காயவிடாமல் வைப்பரால் இழுத்து, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டு அறைக்கு ஒரு தடவை அல்ல, தண்ணீர் கலங்கினால் உடனே மாற்ற வேண்டும். பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும்.

மிச்சத்துக்கு வினிகர். ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு டம்ளர். ஆனால் இன்றைக்கே வேண்டாம், கிரவுட் இறுகக் குறைந்தது பத்து நாளாவது விடுங்கள். உங்கள் கணக்குக்குப் பால்காய்ப்புக்கு ஐந்து நாள் முன்பு சரியாக வரும். கட்டில் மறைக்கும் மூலையில் ஒரு டைல்ஸில் முதலில் பாருங்கள். இடுக்குகளை நல்ல தண்ணீரில் நனைத்துவிட்டு, பிறகுதான் வினிகர் தண்ணீர். ஐந்து நிமிடம், லேசாகத் தேய்ப்பு, இரண்டு தடவை நல்ல தண்ணீர்.

இன்னொன்று. நகத்தால் சுரண்டினால் பிசுக்காகத் திரண்டு வருகிறதா? அப்படியானால் அது சிமெண்ட் அல்ல, கம்பெனியிலிருந்து பூசி வரும் மெழுகு. அதற்கு வினிகர் உதவாது. சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்புமே போதும்.

ரப்பர் ஷீட் அடிக்க வைத்திருக்கும் ஆசிட் வீட்டில் இருக்கிறது. அதைக் கலந்து தேய்த்தால் ஒரே நாளில் வெள்ளையெல்லாம் போகும் என்கிறார் மாமா. (குலசேகரம்)

போகும். மாமா சொல்வதில் வேதியியல் தவறு ஒன்றும் இல்லை. பார்மிக் ஆசிட் சிமெண்டைக் கரைக்கும். ஆனால் கறையும் சிமெண்ட், இடுக்கில் இருப்பதும் சிமெண்ட். எதைத் தின்ன வேண்டும், எதை விட வேண்டும் என்று ஆசிட்டுக்குத் தெரியாது. மேலும் அது 85 சதவீதச் சரக்காக வருவது. கையில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணை எரிக்கும். ரப்பர் பால் உறைய வைக்கும் இடத்தில் நாலு பக்கமும் காற்று, சன்னல் சாத்திய படுக்கையறையில் அது கிடையாது.

கழிவறை கழுவும் ஆசிட்டும் அப்படித்தான். நானே ஒரு தடவை என் வீட்டுக் குளியலறையில் அவசரப்பட்டு ஊற்றினேன். தரை வெளுத்தது, மறுநாள் காலையில் குரோம் குழாயும் கதவுக் கீலும் கறுத்துக் கிடந்தன. ஆவி பட்டதற்கே அந்தக் கதி. அதன் மேல் பிளீச்சிங் பவுடர் போட்டால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

வினிகருக்கு அசையாத கறை என்றால் சல்பாமிக் ஆசிட் கலந்த டைல்ஸ் கிளீனர் வாங்குங்கள். ஹைட்ரோஃப்ளோரிக் என்று லேபிளில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது டைல்ஸின் மெருகையே அரிக்கும். தண்ணீரில்தான் மருந்தை விட வேண்டும், மருந்தில் தண்ணீரை அல்ல. தரையில் மார்பிள் இருந்தால் வினிகர்கூட ஆகாது.

சிட்-அவுட்டில் சொரசொரப்பு டைல்ஸ். அங்கங்கே சிமெண்ட் கட்டியாகக் காய்ந்துவிட்டது. கம்பி பிரஷ் போடலாமா? (மார்த்தாண்டம்)

வேண்டாம். இரும்பு உரசிய சாம்பல் கோடு சொரசொரப்பில் ஏறிக்கொள்ளும், மழை பட்டால் துருவாகும். ஈரச் சாக்கை ஒரு மணி நேரம் கட்டிமேல் போட்டுவையுங்கள். மரச் சிம்பாலோ பிளாஸ்டிக் பட்டி பிளேடாலோ தட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தேங்காய்க் கதம்பையால் தேயுங்கள். குழிகளுக்குள் நார் நன்றாகவே இறங்கும்.

இடுக்குக்கு எபாக்ஸி கிரவுட் போட்டோம். பிசின் மாதிரி ஒரு படலம், எந்த ஆசிட்டுக்கும் அசையவில்லை. (குளச்சல்)

அசையாது, அதில் சிமெண்டே இல்லையே. போட்ட அன்றே சுடுதண்ணீரில் துடைத்திருக்க வேண்டிய வேலை. இனி எபாக்ஸி ரிமூவர்தான், அதுவும் டைல்ஸ் மேல் மட்டும், இடுக்கில் இறங்காமல். சம்பளப் பாக்கி இருந்தால், போட்டவரையே கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

மூன்று தடவை கழுவியாயிற்று. மழை பெய்தால் இடுக்கு வழியாக வெள்ளைப் பொடி மறுபடி பூக்கிறது. (நாகர்கோவில்)

இது மேலே ஒட்டிய கறை அல்ல, அடியிலிருந்து வரும் உப்பு. கலவை மணலிலோ தண்ணீரிலோ இருந்த உப்பு, ஈரத்தோடு ஏறி வந்து காய்ந்து பூக்கிறது. நீங்கள் கழுவக் கழுவ அதற்குத் தண்ணீர்தான் கிடைக்கிறது. கழுவுவதை நிறுத்திவிட்டு உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிப் பெருக்குங்கள், மின்விசிறி ஓடட்டும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஆகவே தை, மாசி வரை பொறுங்கள். அதற்குள் சீலர் (ஈரம் புகாமல் அடைக்கும் பூச்சு) அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபடும். வெயில் காலத்திலும் பூத்தால் குளியலறைக் குழாய் எங்காவது கசிகிறதா என்று பாருங்கள்.

பக்கத்து அறைக்கு டைல்ஸ் போடும்போது பாட்டி வீட்டுச் சிவப்பு ஆக்ஸைடு தரையில் சிமெண்ட் தெறித்துவிட்டது. (இரணியல்)

அந்தத் தரையே சிமெண்ட். வினிகர், எலுமிச்சை, புளி எதுவும் அருகில் வரக்கூடாது, பட்ட இடம் வெளிறிவிடும். துளித்துளியாக இருந்தால் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒரு இரவு விட்டு, மரச் சிம்பால் மெதுவாக நெம்புங்கள். வேலை இன்னும் மிச்சம் இருந்தால் முதலில் அந்த வாசல்படியில் சாக்கு விரியுங்கள்.