ஆங்கிலத்தில் ‘தட்’ (that) எங்கே வேண்டும், எங்கே விடலாம்?

பெங்களூரு அலுவலகங்களில் நாள் முழுக்க மின்னஞ்சல் எழுதும் நம்மவர்களுக்கு வரும் சந்தேகம் இது: ‘ஐ திங்க்’ என்பதற்குப் பின் ‘தட்’ போடாமல் விடலாம் என்றால், ‘தி நியூஸ்’ என்பதற்குப் பின் மட்டும் ஏன் கூடாது?

ஒரு முழு வாக்கியத்தை இன்னொரு வாக்கியத்துக்குள் கொண்டுவரும் சொல்தான் ‘தட்’. நம் ‘என்று’ செய்கிற அதே வேலை. ‘என்று’ விஷயம் முடிந்தபின் வரும்; ‘தட்’ முன்னாலேயே வந்து நிற்கும், அவ்வளவுதான்.

‘திங்க்’, ‘சே’, ‘நோ’ (know) போன்ற வினைகளைக் கேட்டதுமே, என்ன நினைத்தார், என்ன சொன்னார் என்று மனம் காத்திருக்கிறது. ஆகவே ‘ஐ திங்க் ஹீ ரிசைன்டு’ போதும். பெயர்ச்சொல்லுக்குப் பின் பாதை பிரிகிறது: ‘தி நியூஸ்’ என்பதோடு ‘ஆஃப்’ வரலாம், ‘அபவுட்’ வரலாம், நேராக வினையே வரலாம். மெட்ரோவில் ஒரே தடம் மட்டும் உள்ள நிலையங்களில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கிவிடுவோம். ஊதாத் தடமும் பச்சைத் தடமும் சந்திக்கும் மெஜஸ்டிக்கில் பலகையைப் பார்த்தே நடப்போம். அந்தப் பலகைதான் ‘தி நியூஸ் தட் ஹீ ரிசைன்டு’ என்பதில் உள்ள ‘தட்’. பேச்சில் ‘தி ஃபேக்ட் ஹீ ரிசைன்டு’ என்பதும் காதில் விழும், எழுத்தில் வேண்டாம்.

என் கண்ணை உறுத்துவது வேறொன்று: ‘ஹீ டோல்ட் தட்’. ‘டெல்’ என்பதோடு இந்தத் ‘தட்’ வந்தால் யாரிடம் என்பதும் வேண்டும்: ‘ஹீ டோல்ட் மீ தட்’. ‘சே’ என்பதற்கு அந்தக் கட்டாயம் இல்லை.

‘தட்’ விடுபட்டாலே இலக்கணப் பிழை என்று பலர் நினைக்கிறார்கள். ‘திங்க்’, ‘சே’ போன்ற வினைகளுக்குப் பின் அதை விடுவது நல்ல எழுத்திலும் இயல்பானதே.