ஆர்டர் குறைந்ததற்காக ஷிப்ட் சம்பளத்தைக் குறைக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் அமெரிக்காவுக்குப் பின்னலாடை அனுப்பும் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகப் பவர் டேபிள் டெய்லராக இருக்கிறேன். அமெரிக்க வரியால் ஆர்டர் இல்லை என்று கூறி, 2025 அக்டோபரில் முன்னறிவிப்பின்றி ஷிப்டுக்கு 100 ரூபாய் குறைத்துவிட்டார்கள். இப்போது சம்மதக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்க வரி 50 சதவீதமானதால் திருப்பூருக்கு விழுந்த அடி உண்மையானது. உங்கள் முதலாளி பொய் சொல்வதாக நான் கருதவில்லை. ஆயினும் அந்தச் சுமையைத் தொழிலாளர் மீது இறக்குவதற்குச் சட்டம் ஒரு வழிமுறையை வகுத்திருக்கிறது, அது இங்கே பின்பற்றப்படவில்லை.

அக்டோபரில் 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் நடைமுறையில் இருந்தது. அதன் 9ஏ பிரிவின்படி, பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர்கள் ஆட்சேபிக்கவும் தகராறு எழுப்பவும் இடம் தரும் 21 நாட்கள் கழிந்த பிறகே ஊதியத்தை இப்படி மாற்ற முடியும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவிலும் இந்த நிபந்தனை இருப்பதால், பழைய சட்டம் போய்விட்டது என்று நிர்வாகம் சொன்னாலும் பயனில்லை.

ஊதியத்தைக் குறைக்கவே முடியாது என்றும் நினைத்துவிட வேண்டாம். நிறுவனத்தின் நிதிநிலை மெய்யாகவே நலிந்திருந்தால், ஊதிய அமைப்பைத் தொழிலாளருக்குப் பாதகமாகத் திருத்தவும் இடமுண்டு என்று கிரவுன் அலுமினியம் ஒர்க்ஸ் வழக்கில் 1957-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே எந்த நிலையிலும் இறங்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. குறைந்தபட்ச ஊதியத்தை விட்டுக்கொடுத்து நீங்களே கையெழுத்திட்டாலும் அது செல்லாது.

வேலையே இல்லாத நாட்களுக்கு லே-ஆஃப், அதாவது வேலையிலிருந்து நீக்காமல் தற்காலிகமாக வேலை தராமல் நிறுத்திவைப்பது, என்ற வழி இருக்கிறது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள தொழிற்சாலையில், ஓராண்டு தொடர்பணி முடித்தவருக்கு அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதியை இழப்பீடாகத் தர வேண்டும். தைத்த ஷிப்டுக்கே கூலியை வெட்டுவது லே-ஆஃப் ஆகாது.

வேலைநீக்கத்தைத் தனியொருவரே தகராறாக எழுப்பலாம். ஊதியக் குறைப்புக்கு அந்த வசதி இல்லை. தொழிற்சங்கமோ, உடன் வேலை செய்பவர்களில் கணிசமானவர்களோ சேர்ந்து எழுப்பினால்தான் அது தொழில் தகராறாகும். ஆகவே குறைப்புக்கு முன்னும் பின்னும் வாங்கிய சம்பளச் சீட்டுகளையும் பி.எஃப். பதிவுகளையும் பத்திரப்படுத்தி, நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் அனுப்பிவிட்டு, சங்கத்தின் வழியாகத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுக் கொடுங்கள். உடன் இருப்பவர்கள் கையெழுத்திடும் முன் அவர்களிடம் பேசுங்கள்.