வட ஐரோப்பாவின் காடுகளிலும் கடற்கரைகளிலும் பறவை நோக்குதல்: கேள்விகளும் பதில்களும்

பின்லாந்தின் வடபகுதிக்கும் நார்வேயின் வரங்கர் தீபகற்பத்திற்கும் பல ஆண்டுகளாக ஒவ்வொரு வசந்தத்திலும் சென்று வருபவன் என்ற முறையில், பறவை ஆர்வலர்கள் என்னிடம் கேட்டவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றிற்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பத்து நாள் விடுப்பில் முதல் முறையாக வருகிறோம். எந்த மாதத்தில் வருவது, எங்கெல்லாம் செல்வது?

மே மாதக் கடைசி வாரமும் ஜூன் முதல் வாரமும் சேர்ந்த நாட்களைத் தேர்ந்தெடுங்கள். பனி பெரும்பாலும் உருகியிருக்கும். கொசுக்கள் இன்னும் பெருகியிருக்காது. வடகோடியில் சூரியன் மறைவதே இல்லை என்பதால் இரவு இரண்டு மணிக்கும் இருநோக்கியைக் கையில் எடுக்கலாம். பின்லாந்தின் ஔலு நகரில் இரண்டு நாள், கிழக்கே கூசமோ காடுகளில் மூன்று நாள், வரங்கரில் நான்கு நாள், எஞ்சிய ஒரு நாள் சாலைக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் ஓர் இடத்தைக்கூடச் சேர்க்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இந்தக் காடுகளில் பறவைகள் நெருக்கமாக வாழ்வதில்லை. ஒரே இடத்தில் காலையும் மாலையும் நின்று காத்திருப்பவருக்குக் கிடைப்பது, வண்டியில் ஓடிக்கொண்டே இருப்பவருக்குக் கிடைப்பதில்லை.

ஔலுவுக்குத் தெற்கே அரை மணி நேரத்தில் எட்டக்கூடிய லிமிங்கா விரிகுடாவின் பறவை நோக்கும் கோபுரத்தில் ஒரு முழுக் காலையைச் செலவிடுங்கள். நம் ஊர்க் கழிமுகங்களில் குளிர்காலத்தில் மங்கிய பழுப்பு நிறத்தில் பார்த்துப் பழகிய பேதை உள்ளான், இங்கே வெள்ளை, கருப்பு, செம்பழுப்பு எனக் கழுத்தைச் சுற்றி இறகுகளைக் குடைபோல் விரித்துக்கொண்டு, புல்வெளியில் போட்டிக்கு நிற்கும். இரண்டு ஆண் பறவைகளின் அலங்காரம் ஒன்றுபோல் இருப்பது அரிது.

கேள்வி: சென்ற ஜூனில் வழிகாட்டியுடன் மூன்று இரவுகள் அலைந்தும் ஒரே ஓர் ஆந்தையைத்தான் பார்த்தோம். வழிகாட்டி சரியில்லையா?

வழிகாட்டியைக் குறை சொல்வதற்கு முன் எலிகளைப் பற்றி யோசிக்க வேண்டும். வோல் எனப்படும் குட்டைவால் எலிகளின் எண்ணிக்கை இங்கே ஏறத்தாழ மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிச் சரிகிறது. எலி மிகுந்த ஆண்டில் பெரும் சாம்பல் ஆந்தையும் டெங்மால்ம் ஆந்தையும் பல இடங்களில் கூடு கட்டும். எலி குறைந்த ஆண்டில் பல இணைகள் முட்டையிடுவதையே தவிர்த்துவிட்டு வேறு பகுதிகளைத் தேடிச் சென்றுவிடும். ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன், அந்த ஆண்டில் எலிகளின் நிலை எப்படி என்று வழிகாட்டியிடமே கேளுங்கள். நேர்மையானவர் ஒளிக்காமல் சொல்வார்.

பருவமும் முக்கியம். ஆந்தைகளின் குரலைக் கேட்க மார்ச் இறுதியும் ஏப்ரலும் ஏற்றவை. காற்றில்லாத இரவில், பனியின் மேல் அசையாமல் நிற்கும்போது, தொலைவிலிருந்து டெங்மால்ம் ஆந்தையின் விரைவான, மெல்ல உரத்து எழும் கூவல் வரிசை வந்து சேரும். பெரும் சாம்பல் ஆந்தை பார்வைக்கு மிகப் பெரியதாக இருந்தாலும் எடையில் ஒரு கிலோவை ஒட்டியதுதான், மற்றதெல்லாம் இறகு. தட்டுப் போன்ற அதன் முகம் ஒலியைத் திரட்டிக் காதுக்கு அனுப்புவதால், பனிக்கு அடியில் நடமாடும் எலியைக்கூடக் கேட்டே கண்டுபிடித்துப் பாய்ந்துவிடும்.

கேள்வி: ஹோர்னோயா தீவில் எடுத்த படங்களில் கில்லிமாட் எனப்படும் கடற்பறவையின் இரண்டு வகைகளையும் பிரித்தறிய முடியவில்லை. என்ன அடையாளம்?

வரங்கரின் கிழக்கு முனையில் உள்ள வர்டோ துறைமுகத்திலிருந்து பத்து நிமிடப் படகுப் பயணத்தில் இருக்கும் இந்தத் தீவில் இரண்டும் ஒரே பாறை விளிம்பில் தோளோடு தோள் உரச நிற்பதால் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருகிறது. முதலில் வாயோரத்தைப் பாருங்கள்: புருன்னிச் கில்லிமாட்டின் மேல் அலகின் அடிப்பகுதியில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். அதன் அலகு தடித்தும் குட்டையாகவும் இருக்கும். முதுகு நல்ல கருப்பு. விலாப்பகுதி தூய வெள்ளை. சாதாரணக் கில்லிமாட்டின் அலகு மெலிந்து நீண்டது. முதுகில் பழுப்புச் சாயல் உண்டு. விலாவில் கருங்கோடுகள் தெரியும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமும் பின்னோக்கி ஒரு கோடுமாக, மூக்குக்கண்ணாடி அணிந்ததுபோல் தோன்றும் பறவைகள் மூன்றாவது இனம் அல்ல. அவையும் சாதாரணக் கில்லிமாட்டுகளே.

படகிலிருந்து இறங்கியதும் எல்லோரும் வண்ண அலகுடைய பஃபின் கடற்பறவைகளைத் தேடி மேலே விரைகிறார்கள். நீங்கள் பாதையோரத்திலேயே சற்று நில்லுங்கள். ஷாக் எனப்படும் கடல் நீர்க்காகங்கள் அங்கே கைக்கெட்டும் தொலைவில் கூட்டின் மேல் அமர்ந்திருக்கும். தொலைவில் கருப்பாகத் தெரியும் அவற்றின் இறகு அருகில் பச்சை எண்ணெய் பூசியதுபோல் மின்னுவதையும், கண் மரகதத் துண்டுபோல் இருப்பதையும், அலகின் அடியில் மஞ்சள் தோல் துடிப்பதையும் இவ்வளவு அருகில் பார்க்கும் வாய்ப்பு எளிதில் அமையாது.

கேள்வி: என் பெற்றோர் 1980களில் இலங்கையிலிருந்து வந்து, வரங்கர் அடங்கிய வட நார்வே மாவட்டமான பின்மார்க்கில் மீன் பதனிடும் வேலை செய்தவர்கள். அம்மாவை மார்ச்சில் மீண்டும் அங்கே அழைத்துச் செல்ல விரும்புகிறேன். பறவைகள் இருக்குமா, அவரால் குளிரைத் தாங்க முடியுமா?

அந்தக் கரையில் நம்மவர் பலர் உழைத்திருக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு அங்குள்ள குளிர் நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும். மார்ச் மிக நல்ல மாதம். கிங் ஐடர், ஸ்டெல்லர் ஐடர் ஆகிய கடல் வாத்துகள் வரங்கர் கடலில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருக்கும். போட்ஸ்ஃபியூர் துறைமுகத்தில் நீரில் மிதக்கும் மறைவிடங்கள் உள்ளன. விடியும் முன்பே ஏறிச் சில மணி நேரம் அசையாமல் அமர வேண்டும் என்பதால் அவை புகைப்படக்காரர்களுக்கே பொருத்தமானவை. அம்மாவுடன் செல்லும்போது வட்சோ நகரைச் சுற்றியுள்ள கரையோரச் சாலையில் மெதுவாகச் செல்லுங்கள். வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கரைக்கு அருகிலேயே மேயும் ஸ்டெல்லர் ஐடர்களைப் பார்க்கலாம்: ஆணுக்கு இளஞ்செம்மஞ்சள் மார்பு, அதன் பக்கவாட்டில் பொட்டு வைத்ததுபோல் ஒரு கரும்புள்ளி.

கேள்வி: கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைப்பது தவறா?

இனப்பெருக்கக் காலத்தில் செய்யவே கூடாது. கூசமோவின் வல்தவாரா குன்றில் நீலவால் குருவி பாடுவதைக் கேட்க ஒவ்வோர் ஆண்டும் ஏராளமானோர் வருகிறார்கள். வருபவர்கள் எல்லோரும் ஒருமுறை ஒலிக்கவிட்டால்கூட, கண்ணுக்குத் தெரியாத எதிரியுடன் போராடுவதிலேயே அந்தப் பறவையின் கோடை கழிந்துவிடும். அதிகாலை மூன்று மணிக்குச் சென்று குன்றின் சரிவில் காத்திருங்கள். உயரமான ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் உச்சியில் அமர்ந்து அது தானாகவே பாடும். இந்நாடுகளில் யாரும் காட்டுக்குள் நடக்கலாம் என்ற பொது உரிமை பரவலாக உண்டு. ஆனால் கூட்டைத் தொந்தரவு செய்யும் உரிமை அதில் அடங்காது. யூரல் ஆந்தையின் கூட்டை நெருங்குவது உங்களுக்கும் ஆபத்து. தாய்ப்பறவை முகத்தை நோக்கிப் பாயும் என்பதால், ஆய்வுக்காகப் பறவைகளின் காலில் வளையமிடுபவர்களே தலைக்கவசமும் முகக்காப்பும் அணிந்துதான் ஏறுகிறார்கள்.

கேள்வி: எந்த இருநோக்கி வாங்கலாம்?

8x42 (எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்வில்லை 42 மி.மீ.) போதும். காட்டின் மங்கிய ஒளியில் அது நன்றாக உதவும். கடலுக்கு முக்காலியுடன் ஸ்கோப் எனப்படும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி ஒன்று தேவை; குழுவுக்கு ஒன்று இருந்தால் போதுமானது. குளிரிலிருந்து அறைக்குள் வரும்போது கருவிகளைப் பைக்குள் மூடியபடியே வைத்து, வெப்பம் சமமான பிறகு வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஈரம் படியாது.

கேள்வி: எனக்கு ஜூனில் விடுப்பு கிடைக்காது. இலையுதிர்காலத்தில் வரலாமா?

வரலாம், ஆனால் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பரிலும் சுவீடனின் தென்மேற்கு முனையான ஃபால்ஸ்டர்போவில் நின்றால், கடலைக் கடக்கத் தயங்கும் தேன் பருந்துகளும் சிட்டுப்பருந்துகளும் அந்தக் குறுகிய நிலமுனையில் குவிந்து தலைக்கு மேலே செல்வதைக் காணலாம்.

கேள்வி: 2023இல் பறவைக் காய்ச்சல் பரவியதாகப் படித்தேன். அங்கே செல்வது சரியா?

அந்தக் கோடையில் வட்சோ பகுதியில் கிட்டிவேக் எனப்படும் கடற்காகங்கள் ஆயிரக்கணக்கில் இறந்தன. எண்ணிக்கை முன்பே சரிந்துகொண்டிருந்த இனத்திற்கு அது பெரிய அடி. செல்வதற்கு முன் உள்ளூர் அறிவிப்புகளைப் பாருங்கள். ஹோர்னோயா போன்ற தீவு மூடப்பட்டிருந்தால் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு பறவைக் குடியிருப்பிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் முன் காலணிகளைக் கழுவிக் கிருமி நீக்குங்கள். இறந்த பறவையைத் தொடாதீர்கள்.

கேள்வி: இங்கே பார்க்கும் பறவைகளில் ஏதேனும் நம் நாட்டுக்கு வருகின்றனவா?

வருகின்றன. புளூத்ரோட் எனப்படும், தொண்டையில் நீலமும் நடுவே செம்பொட்டும் கொண்ட சிறு பறவை வரங்கரின் குட்டை வில்லோப் புதர்களில் பாடுகிறது. ஸ்காண்டிநேவியப் பறவைகளின் உடலில் ஒளியுணரும் சிறு கருவிகளைப் பொருத்திப் பார்த்தபோது, அவை ஆப்பிரிக்காவுக்குச் செல்லாமல் தென்கிழக்காகத் திரும்பி இந்தியத் துணைக்கண்டத்திற்கு வருவது தெரிந்தது. சுவீடனின் மலைக்குளங்களில் சுழன்று சுழன்று இரை பொறுக்கும் செங்கழுத்து ஃபலரோப் என்னும் சிறு நீர்ப்பறவையும் குளிர்காலத்தை அரபிக்கடலின் நடுவே, நிலத்தைத் தொடாமலேயே கழிக்கிறது. ஜூனில் வரங்கர் சாலையோரத்தில் புளூத்ரோட் பாடக் கேட்டால், டிசம்பரில் உங்கள் ஊர்க் குளத்தின் நாணல் ஓரத்தைக் காலை வேளையில் கவனியுங்கள். அங்கே அது பாடாது, வாலை விரித்துத் தரையில் ஓடி மறையும், வாலின் அடிப்பகுதியில் உள்ள செம்பழுப்பு மட்டும் ஒரு கணம் தெரியும்.