மேரியின் ஆயாவுக்குப் பேர் என்ன?

கேள்வி: எனக்கு 43 வயது. ஏழாம் வகுப்பு கோடை விடுமுறையில் மாமா வாங்கிக் கொடுத்த 'தி சீக்ரெட் கார்டன்'தான் நான் முழுசாகப் படித்து முடித்த முதல் ஆங்கில நாவல். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். அதே பிரதியை இப்போது பத்து வயது மகளுக்கு ராத்திரி தூங்கும் முன் வாசித்துக் காட்டுகிறேன். நான்காம் அத்தியாயத்தில் இந்திய வேலைக்காரர்களைப் பற்றிக் கதாநாயகி மேரி பேசும் வரி வந்ததும் எனக்கு நாக்கு எழவில்லை. அந்தப் பத்தியைத் தாண்டி வாசித்துவிட்டேன். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் அண்ணன் மகள், "அத்தை, இது காலனியப் புத்தகம். பாப்பாவுக்கு இதைப் படிச்சுக் காட்டாதீங்க" என்கிறாள். அன்றைக்கு அந்த வரி என் கண்ணில் ஏன் படவில்லை? இன்னொன்று, அப்போது மேரிக்காக அழுதேன். இப்போது அந்த கிரேவன் மாமாவை நினைத்து அழுகை வருகிறது. எனக்கு வயதாகிவிட்டதா? வாசிப்பை நிறுத்திவிடட்டுமா?

பி.கு.: கதை கேட்டுவிட்டு மகள் அடம்பிடித்து வாங்கிய ரோஜாச் செடி பால்கனியில் காய்ந்து குச்சியாக நிற்கிறது.

ஒரு வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

நிறுத்தாதீர்கள். ஆனால் தாண்டிப்போன அந்தப் பத்திக்குத் திரும்பிப் போய் அதையும் வாசித்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் பிரதியையும் அலமாரியிலிருந்து எடுத்தேன். இருபத்தேழு அத்தியாயங்கள், இரண்டு ராத்திரி ஆயிற்று. எனக்கும் ஏறக்குறைய உங்கள் கதைதான். பள்ளிக்கூட நாட்களில் அந்த வரியில் நின்றதாக ஞாபகமே இல்லை. நாம் இந்தியப் பிள்ளைகளாக இருந்துகொண்டே மேரியின் தோளில் ஏறி உட்கார்ந்து இந்தியர்களைப் பார்த்திருக்கிறோம். கதாநாயகி யாரையாவது திட்டினால், திட்டு வாங்குகிறவர் பக்கம் போய் நிற்க அந்த வயதில் தோன்றாது. அதற்காக இப்போது வெட்கப்பட வேண்டியதில்லை.

சரி, அந்த வரிக்கு வருவோம். காலராவில் அப்பா அம்மா இறந்துபோக, இந்தியாவிலிருந்து இங்கிலாந்தின் யார்க்‌ஷயருக்கு அனுப்பப்பட்ட மேரி, மாமா கிரேவனின் மிசல்த்வெயிட் மாளிகையில் முதல் நாள் காலை கண் விழிக்கிறாள். வேலைக்காரப் பெண் மார்த்தா கணப்பைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறாள். இந்தியாவிலிருந்து வரும் பிள்ளை கறுப்பாக இருக்கும் என்று நினைத்ததாக அவள் வெகுளியாகச் சொல்ல, மேரிக்கு வெறி வந்துவிடுகிறது. 'அவர்கள் மனிதர்களே இல்லை, சலாம் போட வேண்டிய வேலைக்காரர்கள்' என்ற பொருளில் கத்துகிறாள். கத்திவிட்டுத் தலையணையில் முகம் புதைத்து விம்மி விம்மி அழுகிறாள். நீங்கள் தாண்டிப் போனதால் உங்கள் மகளுக்கு அந்த அழுகையும் கிடைக்காமல் போய்விட்டது.

அதற்குச் சற்று முன்னால் ஒரு சின்ன இடம் உண்டு. கோபம் வந்தால் ஆயாவைக் கன்னத்தில் அறைந்தே பழகியவள் மேரி. இந்த மார்த்தாவை அறைந்தால் என்ன செய்வாள் என்று ஒரு கணம் யோசிக்கிறாள். அறையவில்லை. இவள் திருப்பி அறைந்துவிடுவாள் போலிருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. மேரி திருந்தத் தொடங்குவது தோட்டத்தில் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கென்னவோ இந்தக் கணக்கில்தான் என்று படுகிறது.

இப்போது முதல் அத்தியாயத்தை நீங்கள் மட்டும் தனியாக ஒரு முறை படியுங்கள், மகள் தூங்கிய பிறகு. ஒரு நாள் காலை மேரியை எழுப்ப அவளுடைய ஆயா வரவில்லை. வேறு யாரோ வருகிறார்கள். முந்தின ராத்திரியே காலரா கண்ட ஆயா அன்றைக்கே இறந்துபோகிறாள். வேலைக்காரர்கள் குடிசைகளில் ஓலமிட்டு அழுதது அவளுக்காகத்தான் என்று புத்தகம் ஒற்றை வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போய்விடும். மேரி அழவில்லை. புது ஆயா வருவாள், அவளுக்குப் புதுக் கதைகள் தெரிந்திருக்கும், பழைய கதைகள் சலித்துவிட்டன என்று நினைத்துக்கொள்கிறாள். ஆயாவுக்குப் பெயர் கிடையாது, கடைசிப் பக்கம் வரைக்கும்.

பிறகு பதின்மூன்றாம் அத்தியாயம். ராத்திரியில் அழுகுரல் கேட்டு, மெழுகுவர்த்தியோடு தாழ்வாரம் தாழ்வாரமாகப் போய், ஒளித்து வைத்ததுபோல் வளர்க்கப்படும் கிரேவனின் மகன் காலினைக் கண்டுபிடிக்கிறாள் மேரி. அவனுக்குத் தூக்கம் வரவில்லை. 'இந்தியாவில் என் ஆயா செய்ததைச் செய்கிறேன்' என்று அவன் கையைத் தடவித் தட்டிக்கொடுத்து, இந்துஸ்தானியில் ஒரு பாட்டை மெல்ல முணுமுணுக்கிறாள். அவன் தூங்கிப்போகிறான்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஆயா செத்துப் பன்னிரண்டு அத்தியாயங்கள் ஆகிவிட்டன. அவளை அறைந்த கைதான் இப்போது அவள் தட்டிக்கொடுத்த மாதிரியே தட்டிக்கொடுக்கிறது. யார்க்‌ஷயர் காற்றும் ரோஜாவும் மேரியை மாற்றின என்று ஆசிரியர் பக்கம் பக்கமாக எழுதுகிறார். பிள்ளையைத் தூங்கவைப்பது எப்படி என்று மேரிக்குக் கற்றுக்கொடுத்தவள் யார் என்பதை மட்டும் எங்கும் நின்று சொல்லவில்லை. அவருக்கே அது தெரிந்திருந்ததா என்பதும் சந்தேகம்தான்.

எங்கள் வீட்டிலும் ஓர் ஆயா இருந்தார். (ஆங்கிலேயர் வீட்டு 'ஆயா' போர்ச்சுகீசியத்திலிருந்து வந்த சொல். நம் பக்கம் சில வீடுகளில் ஆயா என்றால் பாட்டி. இரண்டும் கலந்து, பிள்ளை பார்த்துக்கொள்ள வந்தவரையும் நாங்கள் ஆயா என்றே கூப்பிட்டோம்.) எனக்குப் பன்னிரண்டு வயதில், முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொடுக்கச் சொல்லி அம்மா என் கையில் பேனாவைக் கொடுத்தார். முதல் கட்டத்திலேயே பெயர் கேட்டிருந்தது. "ஆயா, உங்க பேர் என்ன?" என்று கேட்டேன். அத்தனை வருஷத்தில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினேன்.

உங்கள் அண்ணன் மகள் சொல்வதில் தப்பில்லை. இது காலனியப் புத்தகம்தான். இந்தியா என்றால் வெக்கை, நோய், மஞ்சள் பாரித்த முகம், சோம்பல். இங்கிலாந்து என்றால் பசி, நிறம், ஓட்டம். இந்தக் கணக்கு கதை முழுக்க ஓடுகிறது. நாம் எல்லோரும் விரும்பும் மார்த்தாகூட அங்கே வெள்ளைக்காரர்களைத்தான் 'மரியாதைப்பட்டவர்கள்' என்கிறாள். மேரி பேசியது கெட்டுப்போன பிள்ளையின் பேச்சு என்று காட்டத் தெரிந்த ஆசிரியருக்கு, மார்த்தாவின் பேச்சில் ஒரு கோளாறும் தெரியவில்லை. அண்ணன் மகளிடம் இதையே சொல்லிப் பாருங்கள், உங்கள் இருவருக்கும் ஒரு மாலைப்பொழுது போதாது. ஆனால் அவள் சொல்லும் காரணத்துக்காகவே பத்து வயதுப் பெண் இந்தப் புத்தகத்தை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பது நல்லது. பின்னால் விடுதி அறையில் தனியாகப் படித்தால் பக்கத்தில் கேட்க யார் இருப்பார்கள்?

அப்புறம் அந்தக் கயிறு. உங்களுக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும், மேரிக்கு மார்த்தா கொண்டுவந்து தரும் ஸ்கிப்பிங் கயிறு. சின்ன வயதில் நானும் அதன் சிவப்பும் நீலமுமான கைப்பிடியைத்தான் பார்த்தேன். இந்த முறை விலையைப் பார்த்தேன். மார்த்தாவின் அப்பாவுக்கு வாரச் சம்பளம் பதினாறு ஷில்லிங். வீட்டில் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். மார்த்தா தன் சம்பளத்தை அம்மா கையில் கொடுக்கிறாள். ஒவ்வொரு காசுக்கும் நாலு செலவு காத்திருக்கும்போது, அதிலிருந்து இரண்டு பென்னியை எடுத்து, முகம்கூடப் பார்க்காத பணக்கார வீட்டுப் பிள்ளைக்காக வாசலில் வந்த வியாபாரியிடம் கயிறு வாங்குகிறார் அந்த அம்மா, சூசன் சவர்பி. முதலில் நன்றி சொல்லக்கூடத் தெரியாமல் கயிறோடு வாசல்வரை போன மேரி, ஏதோ உறைத்துத் திரும்பி வந்து, அது உன் சம்பளக் காசு என்று சொல்லி, விறைப்பாகக் கையை நீட்டுகிறாள். வீட்டு வரவு செலவை நாமே பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்த இரண்டு பென்னியின் கனம் தெரிகிறது.

கிரேவன் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு வயதாகிவிட்டதா என்றால், ஆகிவிட்டது. அதனால் இந்தப் புத்தகத்தை இழந்துவிடவில்லை. இது பெரியவர்களுக்குமான கதையாகத்தான் பிறந்தது. 1910-ல் 'தி அமெரிக்கன் மேகசின்' என்ற பெரியவர்கள் படிக்கும் பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கி, 1911-ல் நூலாயிற்று. எழுதிய பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட்டின் மூத்த மகன் லயனல் 1890-ல் காசநோயில் இறந்தபோது அவனுக்குப் பதினாறு வயது. பிறகு கென்ட் பகுதியில் கிரேட் மேதம் ஹால் என்ற மாளிகையை வாடகைக்கு எடுத்துச் சில ஆண்டுகள் இருந்தார். அங்கே பாழாய்க் கிடந்த, சுவர் சூழ்ந்த ஒரு தோட்டத்தை ரோஜாத் தோட்டமாக்கி அங்கேயே உட்கார்ந்து எழுதினார். ஒரு ராபின் குருவியும் அவரோடு பழகிவிட்டது. மேரிக்கு வழி காட்டும் குருவி அதுதான்.

பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி எழுதியது என்று தெரிந்துகொண்டு, மகன் தூங்கும்போது மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகும் அப்பாவைப் படித்துப் பாருங்கள். மனைவி விழுந்து இறந்த தோட்டத்தைப் பூட்டிச் சாவியைப் புதைத்துவிட்டு, பத்து வருஷம் ஊர் ஊராகச் சுற்றுகிற மனுஷன் அவர். பொம்மை வேண்டுமா, புத்தகம் வேண்டுமா என்று அவர் கேட்க, மேரி 'கொஞ்சம் மண் கிடைக்குமா?' என்கிறாளே, அந்த இடத்தில் சின்ன வயதில் மேரிக்குத் தோட்டம் கிடைக்குமா என்ற ஒரே பதைப்புதான் நமக்கு. இப்போது அவர் முகத்தைப் பார்க்கிறோம். மண்ணையும் செடியையும் நேசித்த வேறொருத்தியை நீ ஞாபகப்படுத்துகிறாய் என்று சொல்லும்போது, பாவம், அவர் கண்கள் கனிந்துபோகின்றன. அதனால் கண்ணீர் வந்தால் வரட்டும். உங்கள் குரல் ஏன் கம்மியது என்று மகள் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

வாசிக்கும்போது இடையிடையே பாடம் நடத்தாதீர்கள், பிள்ளைக்கு எரிச்சல் வரும். நான்காம் அத்தியாயத்தைத் திரும்ப வாசித்துவிட்டு, "அன்னிக்கு இதைத் தாண்டிட்டேன், படிக்கவே கஷ்டமா இருந்தது" என்று சொன்னால் போதும். மிச்சத்தை அவள் கேட்பாள். ஆயா என்ன பாட்டுப் பாடியிருப்பாள் என்று நீங்களும் கேளுங்கள். ஆர்வம் காட்டினால், இந்தியாவிலிருந்து வெள்ளைக்காரக் குடும்பங்களோடு கப்பலேறிப்போன நிஜ ஆயாக்களைப் பற்றிச் சொல்லலாம். லண்டனில் இறங்கியதும் ஊர் திரும்ப வழியில்லாமல் கைவிடப்பட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் தங்க ஹாக்னி பகுதியில் ஒரு விடுதியே இருந்தது. அந்தக் கட்டடத்தில் 2022-ல் நீல வட்டப் பலகை ஒன்று வைத்தார்கள். இணையத்தில் படம் கிடைக்கும்.

கடைசி அத்தியாயங்களில் மேரி ஓரமாகப் போய்விடுவாள், காலின்தான் நடுவில் நிற்பான். 'மாயம்' பற்றிய அவன் சொற்பொழிவுகள் கொஞ்சம் நீளம். மனசு வைத்தால் உடம்பு சரியாகிவிடும் என்பதுபோல் அவன் பேசுவது எனக்கு உறுத்துகிறது, அங்கே வேண்டுமானால் வேகமாகப் போங்கள். மேரி எங்கே என்று உங்கள் மகள் கேட்டால், எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

ரோஜாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பதினொன்றாம் அத்தியாயத்தில், காய்ந்த குச்சிபோல் நின்ற ரோஜாவை மார்த்தாவின் தம்பி டிக்கன் கத்தியால் கீறிக் காட்டுவான் இல்லையா? உள்ளே பச்சை தெரிந்ததும் 'விக்' என்பான், உயிரோடிருக்கிறது என்பதற்கு யார்க்‌ஷயர் பேச்சு. நம் ஊர் நர்சரிக்காரர்களும் நகத்தால் பட்டையைச் சுரண்டி அதையேதான் பார்ப்பார்கள். நுனியிலிருந்து கீழே இறங்கி இறங்கிச் சுரண்டுங்கள். பச்சை தென்படும் இடத்துக்குக் கீழே, வெளிப்பக்கம் பார்க்கும் ஒரு கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டிவிட்டு, காலை வெயில் படும் மூலையில் வையுங்கள். தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். நீங்கள் இருவரும் மாறி மாறி ஊற்றியே அது அழுகியிருக்கலாம். சுரண்டிப் பார்ப்பதை மகளே செய்யட்டும், நகத்தால் மட்டும். கத்தி வேண்டாம். டிக்கன் பன்னிரண்டு வயதுப் பையன், அதுவும் மூர் என்னும் புதர்வெளியில் வளர்ந்தவன்.